செல்போன் "முடியாது" என்றால் நமக்கு நல்லதே!



மயிலாப்பூர் தெற்கு மாட வீதியில் காய்கறி விற்கும் அம்மா முதல், தி.நகர் உஸ்மான் சாலையில் பெரிய கடை நடத்துபவர் வரை, இன்று செல்போன் இல்லாமல் வியாபாரம் இல்லை என்றாகிவிட்டது. 2016-ஆம் ஆண்டு யு.பி.ஐ. வந்தது. அதே ஆண்டு நவம்பர் 8-ஆம் தேதி பழைய 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தார்கள். அதற்குப் பின் நம் கல்லாப் பெட்டியில் பாதி செல்போனுக்குள் குடிபோய்விட்டது. சரக்கு ஆர்டர், பாக்கிக் கணக்கு, ஜி.எஸ்.டி., வங்கி இருப்பு என்று எல்லாமே அந்தக் கையகலக் கருவிக்குள் வந்துவிட்டன.

இந்த நிலையில் வணிகர்கள் கூடும் இடங்களில் ஒரு குறை அடிக்கடி காதில் விழுகிறது. "ஆடிட்டர் ஆபீஸ் கம்ப்யூட்டரில் ஆகிற வேலை நம்ம போனில் ஆக மாட்டேன் என்கிறதே அண்ணாச்சி! இருபதாயிரம் ரூபாய் கொடுத்து வாங்கிய போன், 'இது இங்கே இயங்காது' என்று சொன்னால் என்ன நியாயம்?" என்று கேட்கிறார்கள். கேள்வி நியாயமானதுதான். அதற்கு விடை தெரிந்துகொண்டால் நம் பணமும் பத்திரமாக இருக்கும் என்பதால்தான் இதை விரிவாக எழுதுகிறோம்.

பிளக்-இன் என்பது என்ன?

இணையதளங்களைப் பார்க்க நாம் பயன்படுத்தும் மென்பொருளுக்கு பிரவுசர் என்று பெயர். தமிழில் உலாவி என்பார்கள். குரோம், சஃபாரி, ஃபயர்ஃபாக்ஸ் ஆகியவை நாம் அன்றாடம் காணும் பிரவுசர்கள். பிரவுசரைச் செய்தவர் ஒருவர். அதற்குள் பொருத்துவதற்கென்று வேறொரு கம்பெனி செய்து தரும் துணைக் கருவிதான் பிளக்-இன். செருகுநிரல் என்று தமிழில் எழுதுகிறார்கள்.

நம் பாஷையில் சொன்னால், கடை நம்முடையது. கடைக்குள் ஒரு மூலையில் வெளியாள் ஒருவர் மாவு மெஷின் போட்டுக்கொள்ள இடம் கேட்கிறார். வாடிக்கையாளருக்கும் வசதி, நமக்கும் நாலு பேர் கூடுதலாக வருவார்கள். ஆனால் அவர் கையில் கடையின் சாவி ஒன்று இருக்கும். நாம் இல்லாத நேரத்திலும் உள்ளே வந்து போவார். கல்லாப் பெட்டியும் அதே கடைக்குள்தான் இருக்கிறது. பிளக்-இன் என்பதன் சங்கடம் முழுவதும் இந்த ஒரு சாவியில் அடங்கியிருக்கிறது.

கம்ப்யூட்டரில் நடந்த கதை

1990-களின் நடுவில் நெட்ஸ்கேப் என்ற பிரவுசர் இந்தப் பிளக்-இன் முறையைக் கொண்டுவந்தது. அன்றைய பிரவுசருக்கு எழுத்தையும் படத்தையும் காட்டத் தெரியும். வீடியோ, அசையும் படம் போன்றவற்றுக்கு வெளியார் துணை தேவைப்பட்டது. அப்படி வந்தவைதான் ஃப்ளாஷ், ஜாவா போன்றவை. டிஜிட்டல் கையொப்பம் இட வேண்டிய நம் நாட்டு அரசுத் தளங்கள் பலவும் ஒரு காலத்தில் ஜாவாவை நம்பியே இருந்தன. "ஜாவா பழையதாகிவிட்டது, புதுப்பியுங்கள்" என்ற அறிவிப்பைப் பார்த்துத் தலையில் கை வைத்து உட்கார்ந்த கணக்கர்களை நாம் நிறையவே கண்டிருக்கிறோம்.

வசதி இருந்தது, கூடவே வில்லங்கமும் இருந்தது. அந்தக் காலத்துப் பிளக்-இன் கம்ப்யூட்டரில் ஏறக்குறைய முழு அதிகாரத்தோடு இயங்கியது. கோப்புகளைத் திறக்கலாம், எழுதலாம், அழிக்கலாம். அதில் ஒரு சிறு ஓட்டை இருந்தாலும் திருடர்கள் அதன் வழியே நுழைந்துவிடுவார்கள். ஃப்ளாஷிலும் ஜாவாவிலும் ஓட்டைகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கண்டுபிடிக்கப்பட்டன. அடைக்க அடைக்கப் புதிய ஓட்டை வந்தது.

கடைசியில் பிரவுசர் கம்பெனிகளே கதவைச் சாத்தின. கூகுள் குரோம் 2015 செப்டம்பரில் பழைய முறைப் பிளக்-இன்களை அடியோடு நிறுத்தியது. ஃபயர்ஃபாக்ஸ் 2017 மார்ச்சில் ஃப்ளாஷ் தவிர மற்றவற்றை நிறுத்தியது. ஃப்ளாஷைச் செய்த அடோபி கம்பெனியே 2020 டிசம்பர் 31-ஆம் தேதியோடு அதைக் கைவிட்டது. இவற்றுக்குப் புகலிடமாக இருந்த இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரும் 2022 ஜூன் 15-இல் ஓய்வு பெற்றது.

செல்போன் ஏன் முதலிலேயே மறுத்தது?

கம்ப்யூட்டர் இருபது வருடம் பட்டுத் தெரிந்துகொண்டதைச் செல்போன் தொடக்கத்திலேயே சட்டமாக வைத்துக்கொண்டது. 2007-இல் ஐபோன் வெளிவந்தபோதே அதில் ஃப்ளாஷுக்கு இடமில்லை. 2010 ஏப்ரலில் ஆப்பிள் தலைவர் ஸ்டீவ் ஜாப்ஸ் அதற்கான காரணங்களை ஒரு பகிரங்கக் கடிதமாகவே வெளியிட்டார். ஆண்ட்ராய்டு போன்கள் சில காலம் ஃப்ளாஷை ஏற்றன. ஆனால் 2011 நவம்பரில் செல்போனுக்கான ஃப்ளாஷை மேற்கொண்டு வளர்க்கப் போவதில்லை என்று அடோபியே அறிவித்தது. 2012 ஆகஸ்டில் கூகுளின் ஆப் கடையில் அதைப் புதிதாக நிறுவிக்கொள்ளும் வசதி நிறுத்தப்பட்டது.

மறுப்புக்கான காரணங்களை நான்காகப் பிரித்துச் சொல்லலாம்.

முதல் காரணம் பாதுகாப்பு. செல்போனில் ஒவ்வொரு ஆப்புக்கும் தனித்தனி அறை உண்டு. வணிக வளாகத்தில் ஒவ்வொரு கடைக்கும் தனி ஷட்டர், தனிப் பூட்டு இருப்பதுபோல. ஒரு கடையில் திருடன் புகுந்தாலும் அடுத்த கடைக்குப் போக முடியாது. வெளியார் பிளக்-இன் பிரவுசருக்குள் நுழைந்துவிட்டால், பிரவுசரின் அறையில் இருக்கும் வங்கிப் பக்கம், கடவுச்சொல் எல்லாவற்றின் அருகிலும் அது நிற்கும்.

இரண்டாவது காரணம் பேட்டரியும் வேகமும். கம்ப்யூட்டர் எப்போதும் கரண்டில் ஓடுகிறது. போன் நம் சட்டைப் பையில் இருக்கிறது. வெளியார் கருவி அளவில்லாமல் மின்சாரத்தைத் தின்றால், மாலை ஆறு மணிக்கு வாடிக்கையாளர் க்யூ நிற்கும் நேரத்தில் நம் போன் அணைந்துவிடும்.

மூன்றாவது காரணம் பொறுப்பு. வெளியார் கருவி கெட்டுப்போனால் பிரவுசரே நின்றுவிடும். திட்டு வாங்குவது பிரவுசர் கம்பெனி. அடைத்து வரும் பாக்கெட்டில் பூச்சி இருந்தாலும், வாங்கியவர் நம் கடை வாசலில்தானே வந்து சத்தம் போடுகிறார்? அதுபோலத்தான் இதுவும்.

நான்காவது காரணம், தேவை குறைந்துவிட்டது. 2014 அக்டோபரில் எச்.டி.எம்.எல். 5 என்ற புதிய விதிமுறை முறைப்படி ஏற்கப்பட்டது. வீடியோ காட்டுவது, ஒலி தருவது, படம் வரைவது எல்லாம் பிரவுசருக்கே தெரிந்த வேலையாகிவிட்டது. சொந்தமாக மாவு மெஷின் வந்துவிட்ட கடையில் வெளியாள் எதற்கு?

பெயர்ப்பலகை மாறாமல் கைமாறிய கடை

பழைய பிளக்-இன் போனபின்னும் எக்ஸ்டென்ஷன் என்ற சிறிய வகை நீடிக்கிறது. இதற்கு அதிகாரம் குறைவு. கம்ப்யூட்டர் முழுவதையும் தொட முடியாது. ஆனாலும் "நீங்கள் பார்க்கும் எல்லாத் தளங்களிலும் உள்ள விவரங்களைப் படிக்கவும் மாற்றவும் அனுமதி வேண்டும்" என்று பல எக்ஸ்டென்ஷன்கள் கேட்கின்றன. எல்லாத் தளங்கள் என்றால் அதில் நம் வங்கித் தளமும் சேர்த்திதான்.

வணிகர்களுக்கு எளிதில் புரியும் உதாரணம் ஒன்று இங்கே உண்டு. குரோம் பிரவுசருக்கு 'தி கிரேட் சஸ்பெண்டர்' என்ற எக்ஸ்டென்ஷன் இருந்தது. நல்ல பெயர் எடுத்த கருவி. இருபது லட்சம் பேருக்கு மேல் பயன்படுத்தினார்கள். 2020-இல் அதைச் செய்தவர் வேறொருவருக்கு விற்றுவிட்டார். பயன்படுத்தியவர்களில் பெரும்பாலோருக்கு அது தெரியாது. புதியவர் கையில் அதற்குள் வேண்டாத சமாச்சாரங்கள் நுழைந்தன. 2021 பிப்ரவரியில் தீங்கு செய்யும் மென்பொருள் என்று கூகுளே அதை நீக்கியது.

பெயர் பெற்ற எண்ணெய்க் கடையை, பெயர்ப்பலகையோடு சேர்த்து ஒருவர் விலைக்கு வாங்குகிறார். பழைய வாடிக்கையாளர் பலகையைப் பார்த்து நம்பி வருகிறார். உள்ளே கலப்பட எண்ணெய் ஊற்றுகிறார்கள். நம் தொழிலில் இதைப் பார்க்காதவர் உண்டா? வெளியார் கருவியிலும் இன்று நல்லவராக இருப்பவர் நாளைக்கும் உரிமையாளராக இருப்பார் என்ற உத்தரவாதம் இல்லை. ஆண்ட்ராய்டு போன்களில் குரோம் எக்ஸ்டென்ஷன்களை ஏற்பதில்லை. ஐபோன் 2021 முதல் ஏற்கிறது. ஆனால் ஆப்பிளின் ஆப் கடை வழியாக, சோதனைக்குப் பின்புதான். ஃபயர்ஃபாக்ஸ் ஆண்ட்ராய்டில் 2023 டிசம்பரில் நூற்றுக்கணக்கானவற்றைத் திறந்துவிட்டது. அதுவும் தன்னுடைய பட்டியல் மூலமாகத்தான். கதவு முழுதாகச் சாத்தப்படவில்லை. வாசலில் ஆள் நிற்கிறார், அவ்வளவுதான்.

டிஜிட்டல் கையொப்பமும் நம் ஊர் 'உலா'வும்

நமக்கு நேரடியாக இடிக்கும் இடம் டிஜிட்டல் கையொப்பம். பென் டிரைவ் போன்ற டோக்கனில் நம் கையொப்பத்தைப் பூட்டிக் கொடுத்திருப்பார்கள். அதை ஜி.எஸ்.டி. தளத்தில் பயன்படுத்த 'எம்சைனர்' என்ற தனி மென்பொருளைக் கம்ப்யூட்டரில் நிறுவ வேண்டும். பிரவுசருக்குள் பிளக்-இன் கூடாது என்றானபின், பிரவுசருக்கு வெளியே ஆள் உட்கார வைத்துக் கையெழுத்து வாங்கும் ஏற்பாடு இது. செல்போனில் இந்த ஏற்பாடு இல்லை. அதனால்தான் கையொப்ப வேலைக்குக் கம்ப்யூட்டரைத் தேடிப் போக வேண்டியிருக்கிறது. தனிநபர் பெயரில் கடை நடத்துபவர்களுக்கு ஓ.டி.பி. மூலம் கணக்கை உறுதிசெய்யும் வழி உண்டு. அதற்கு எந்தத் துணைக் கருவியும் தேவையில்லை.

இதற்கு நிரந்தரத் தீர்வு, வெளியார் துணையில்லாமல் பிரவுசரே கையொப்ப வேலையைச் செய்வதுதான். மத்திய அரசின் மின்னணு மற்றும் தகவல் தொழில்நுட்ப அமைச்சகம் 2023 ஆகஸ்டில் இந்திய பிரவுசருக்கான போட்டி ஒன்றை அறிவித்தது. டோக்கனைக் கொண்டு பிரவுசருக்குள்ளேயே டிஜிட்டல் கையொப்பமிடும் வசதி வேண்டும் என்பது அப்போட்டியின் எதிர்பார்ப்புகளில் ஒன்று. 2025 மார்ச்சில் முடிவு வந்தது. முதல் பரிசான ஒரு கோடி ரூபாயைப் பெற்றது நம் சென்னைப் பக்கத்து ஸோஹோ கம்பெனி. அதன் பிரவுசருக்குப் பெயர் 'உலா'. 2023 மே மாதம் வெளிவந்த இந்த பிரவுசருக்குத் தமிழ்ப் பெயர் வைத்திருப்பது நமக்கெல்லாம் பெருமை. பெருமையோடு நிற்காமல், இந்தக் கையொப்ப வசதி சாதாரணக் கடைக்காரரின் செல்போன் வரை வந்து சேர வேண்டும் என்பதே நம் கோரிக்கை.

பெரிய கம்பெனிகளின் ஆதாயமும் உண்டு

எல்லாமே நம் நன்மைக்காகத்தான் என்று சொல்லி உங்களை ஏமாற்ற நாம் தயாராக இல்லை. வாசலில் ஆள் நிறுத்துபவர் வாசல் வரியும் வசூலிக்கிறார். ஆப் கடை வழியாகத்தான் வர வேண்டும் என்றால், அங்கே நடக்கும் டிஜிட்டல் விற்பனையில் 30 சதவீதம் வரை கமிஷன் போனது. நம்மில் எத்தனை பேருக்கு 30 சதவீத லாபத்தில் அரிசியும் பருப்பும் விற்க முடிகிறது?

இந்தியப் போட்டி ஆணையம் 2022 அக்டோபரில், ஆண்ட்ராய்டு போன்களில் தன் ஆதிக்க நிலையைத் தவறாகப் பயன்படுத்தியதாகக் கூகுளுக்கு 1,337.76 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. ஐபோனில் எந்த பிரவுசராக இருந்தாலும் ஆப்பிளின் இயந்திரத்தையே உள்ளே வைக்க வேண்டும் என்ற விதியை, ஐரோப்பிய ஒன்றியத்தின் சட்டம் வந்தபின் 2024 மார்ச்சில் அங்கு மட்டும் ஆப்பிள் தளர்த்தியது. ஆகவே பூட்டு அவசியம் என்பதையும், சாவி முழுவதும் இரண்டு கம்பெனிகளிடம் மட்டும் இருப்பது நல்லதல்ல என்பதையும் நாம் சேர்த்தே பேச வேண்டும். கடைக்காரன் என்ற முறையில் தனியுரிமை வியாபாரத்தின் வலி நமக்குத் தெரியாததல்ல.

மறுப்பைத் தாண்டச் சொல்பவர் யார்?

இனிமேல்தான் முக்கியமான விஷயம். பிரவுசர் கதவைச் சாத்திவிட்டது என்பது திருடனுக்கும் தெரியும். அதனால் அவன் இப்போது பிரவுசரிடம் போவதில்லை; நேராக நம்மிடம் வருகிறான். "உங்கள் போனில் ஒரு சிறு கருவி குறைகிறது, இதை நிறுவினால் சரியாகிவிடும்" என்கிறான். வாட்ஸ்அப்பில் ஒரு ஏ.பி.கே. கோப்பு வரும். வங்கியின் கே.ஒய்.சி., போக்குவரத்து அபராதம், திருமண அழைப்பிதழ் என்று ஏதாவது ஒரு பெயர் அதன்மேல் ஒட்டியிருக்கும். தொட்டதும் போன் எச்சரிக்கும். "அது வழக்கமாக வருவதுதான் சார், அனுமதி கொடுங்கள்" என்று மறுமுனையில் பேசுபவர் தேனொழுகச் சொல்வார். கொடுத்துவிட்டால் நமக்கு வரும் எஸ்.எம்.எஸ்.ஸும் ஓ.டி.பி.யும் அவர் கைக்குப் போய்விடும்.

இன்னொரு வகை, போன் திரையையே தூரத்திலிருந்து பார்க்கும் ஆப். உண்மையில் அது கம்ப்யூட்டர் ரிப்பேர் செய்பவர்களுக்கான நல்ல கருவிதான். திருடர்கள் அதைத் தவறாகப் பயன்படுத்துவது பற்றி ரிசர்வ் வங்கி 2019 பிப்ரவரியிலேயே வங்கிகளை எச்சரித்தது.

2017 ஜூலை 6-ஆம் தேதி ரிசர்வ் வங்கி வெளியிட்ட சுற்றறிக்கை ஒன்றையும் வணிகர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். வாடிக்கையாளரின் கவனக்குறைவால், அதாவது ரகசிய விவரங்களைத் தானே கொடுத்ததால் பணம் போனால், வங்கிக்குத் தகவல் சொல்லும் வரை ஏற்படும் நஷ்டம் வாடிக்கையாளர் தலையில் என்றும், தகவல் சொன்னபின் ஏற்படும் நஷ்டம் வங்கியைச் சேரும் என்றும் அது வகுத்தது. அதாவது, ஒவ்வொரு நிமிடத் தாமதத்துக்கும் விலை உண்டு. மாதக் கடைசியில் மொத்தக் கடைக்கு அடைக்க வைத்திருந்த தொகை போய்விட்டால், ஒரு சிறிய மளிகைக் கடை மறுபடி எழுந்து நிற்க எத்தனை மாதம் ஆகும் என்பதை நாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. சரக்குக் கொடுத்தவருக்கும் அதே அடிதான். கடன் சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தால் மொத்த வியாபாரியும் சேர்ந்துதான் விழுகிறார்.

நாம் கடைப்பிடிக்க வேண்டியவை

1. எந்தத் தளமாவது "மேலே செல்ல இதை நிறுவுங்கள்" என்று கேட்டால் அங்கேயே நிறுத்துங்கள். வங்கியோ வரித்துறையோ ஆப் தர விரும்பினால் போனில் உள்ள ஆப் கடையில் வைத்திருக்கும். வாட்ஸ்அப்பில் அனுப்பாது.

2. "அறியப்படாத இடத்திலிருந்து நிறுவுதல்" என்ற அனுமதி போனின் செட்டிங்ஸ் பகுதியில் இருக்கும். அதை மூடியே வையுங்கள். கடைப் பையன்கள் விளையாட்டு ஆப்புக்காகத் திறந்து வைத்திருக்கிறார்களா என்று பாருங்கள்.

3. வங்கிக் கணக்குள்ள போனை வேறு எதற்கும் கொடுக்காதீர்கள். முடிந்தால் கடை கவுன்ட்டருக்கு ஒரு போன், கணக்குக்கு ஒரு போன் என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

4. கம்ப்யூட்டரில் உள்ள பிரவுசரில் என்னென்ன எக்ஸ்டென்ஷன்கள் இருக்கின்றன என்று ஆடிட்டரின் உதவியாளரையோ வீட்டுப் பிள்ளைகளையோ பார்க்கச் சொல்லுங்கள். எதற்கென்று தெரியாததை நீக்கிவிடுங்கள். ஸ்டாக் எடுப்பதுபோல மூன்று மாதத்துக்கு ஒருமுறை இதைச் செய்யலாம்.

5. டிஜிட்டல் கையொப்ப டோக்கனை அதன் ரகசிய எண்ணோடு சேர்த்து யாரிடமும் விட்டுவைக்காதீர்கள். கையெழுத்துப் போட்ட வெற்று செக்குக் கட்டுக்கு அது சமம்.

6. பணம் போய்விட்டது என்று தெரிந்தால் வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். உடனே 1930 என்ற எண்ணுக்குப் பேசுங்கள். வங்கிக்கும் தகவல் கொடுத்துப் புகார் எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள்.

சங்கங்களின் பங்கும் இதில் உண்டு. மொத்த வியாபாரிகளுக்கும் கம்பெனிகளுக்கும் ஆர்டர் தளம் செய்து கொடுப்பவர்களிடம், தனியாக எதையும் நிறுவச் சொல்லாமல் சாதாரண செல்போன் பிரவுசரிலேயே இயங்கும்படி செய்யுங்கள் என்று நாம் கேட்க வேண்டும். அரசுத் தளங்களுக்கும் இதே வேண்டுகோளை எழுத்துமூலம் அனுப்ப வேண்டும். தளம் ஒழுங்காக இருந்தால், "கருவி குறைகிறது" என்று சொல்லி வருபவன் திருடன் என்று கண்ணை மூடிக்கொண்டே முடிவு கட்டிவிடலாம்.

இரவு கடை சாத்தும்போது ஷட்டரை இழுத்துப் பூட்டியபின் ஒருமுறை பூட்டை இழுத்துப் பார்ப்பது நம் எல்லோருக்கும் பழக்கம். பூட்டு அசையவில்லை என்றால் கோபம் வருவதில்லை, நிம்மதிதான் வருகிறது. செல்போன் "முடியாது" என்று சொல்லும்போதும் அதே நிம்மதியோடு, ஏன் முடியாது என்று ஒரு நிமிடம் யோசியுங்கள். அந்த ஒரு நிமிடத்தில் பல வருட உழைப்பு காப்பாற்றப்படலாம்.

வணிகம் செழிக்கட்டும்! வணிகர் ஒற்றுமை ஓங்கட்டும்!